ஆடியில் போட்ட அவரை எந்த செமஸ்டரில் காய்க்கும்?

கல்லூரி முதலாம் ஆண்டில் விடுதிக்குப் பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு காய்கறித் தோட்டம் போட்டோம். ஆடிப்பெருக்கன்று ஊன்றிய அவரை ஐப்பசிக்குள் பந்தலை மூடிவிட்டது. பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. மெஸ்ஸில் எங்களுக்குத் 'தழை கோஷ்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நவம்பர் தேர்வுக்கு முந்தைய வாரம், கடுப்பில் நாங்களே கொடியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டோம். தேர்வு முடிந்து ஊருக்கு, அந்தியூர் போனதும் அமுச்சியிடம் (அம்மாவைப் பெற்றவர்) சொன்னேன்.

"அது தையிலதான் காய்க்கோணும் கண்ணு. உன்ற பரீட்சைக்காக முந்திக்குமா?" என்றார்.

அமுச்சி சொன்னதை அறிவியல் எழுதி வைத்தது 1920ல். அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அலார்டு என்ற இருவர், ஒரு வகைப் புகையிலை கோடையில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காமல் நிற்பதைக் கண்டு மண்டையைக் குடைந்துகொண்டார்கள். செடியைத் தினமும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பகலைக் குறைத்ததும் அது பூத்தது. நம் பந்தல் அவரையும் அந்தச் சாதிதான். செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இரவை. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி இருட்டின் நீளத்தைக் கணக்கு வைக்கிறது. இரவு போதுமான அளவு நீண்டதும், பூக்கச் சொல்லும் ஒரு புரதம் இலையிலிருந்து கொடியின் நுனிக்குப் பயணப்படுகிறது. அந்தியூர் இருக்கும் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அதைக் கடிகாரம் இல்லாமல் பிடித்துவிடுகிறது கொடி.

எங்கள் பந்தலுக்கு நேர் மேலே விடுதியின் விளக்கு ஒன்று இரவு முழுக்க எரிந்துகொண்டிருந்தது. இரவின் நடுவே விழும் வெளிச்சம், நீண்ட இரவைச் செடியின் கணக்கில் இரண்டு குட்டி இரவுகளாக வெட்டிவிடும். தெருவிளக்குக்கு அடியில் நிற்கும் சோயா, மற்றவை முற்றிய பிறகும் பச்சையாகவே நிற்பது இதனால்தான். ஆக, தைவரை பொறுத்திருந்தாலும் எங்கள் அவரை எங்களை ஏமாற்றியிருக்கலாம். வளாகத்தில் தோட்டம் போட இடம் பார்ப்பவர்கள் குழாயடியைத் தேடுகிறார்கள். ராத்திரி ஒருமுறை போய் விளக்கு எங்கே எரிகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மாணவர் தோட்டங்கள் பெரும்பாலும் சாவது தண்ணீரால் அல்ல, நாட்காட்டியால் என்பது என் கட்சி. கோவை வேளாண் கல்லூரி போன்ற இடங்களில் பயிர் வளர்ப்பது பாடத்திலேயே இருக்கிறது. 1906ல் சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்து, 1971ல் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனம் அது. கலை அறிவியல் கல்லூரியில் கத்தரிக்காய்க்கு மதிப்பெண் கிடையாது. விடுமுறை வந்தால் தோட்டம் அநாதை.

வெளிநாட்டில் இன்னும் மோசம். கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 1967ல் ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, மலைச்சரிவு ஒன்றைக் கைக்கருவிகளாலேயே கொத்தித் தோட்டமாக்கினார். வளாகத் தோட்டங்களில் உலகப் புகழ் பெற்றது அது. ஆனால் அந்த நாடுகளில் நீண்ட விடுமுறை வருவது ஜூலை, ஆகஸ்டில். காய் குலுங்கும் நேரத்தில் பையன்கள் ஊரில் இருப்பார்கள். நமக்கு அப்படியே தலைகீழ். ஜூன், ஜூலையில் கல்லூரி திறக்கிறது; ஆடிப்பட்டம் வாசலில் நிற்கிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு ஊரே திரளும் அதே ஆடி மாதத்தில் விதை ஊன்றினால், வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்ப்புக்கு வரும். கத்தரியும் தக்காளியும் முதல் செமஸ்டருக்குள் அடங்கும். அவரை இரண்டாம் செமஸ்டரின் பயிர். பொங்கல் விடுமுறை முடிந்து வருபவர்களுக்குக் காத்திருக்கும். பொறுக்க முடியாதவர்களுக்குப் பருவம் பார்க்காத குத்து அவரை இருக்கிறது.

சனி, ஞாயிறுதான் சிக்கல். பூத்த ஐந்தாறு நாளில் வெண்டையைப் பறித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை விரல் அளவில் விட்டுப் போனது திங்களன்று நாராகிவிடும். நுனியை ஒடித்தால் ஒடியாமல் வளையும். முற்றலைச் செடியிலேயே விட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய், புதுப் பூ குறைகிறது. பஸ்ஸில் வந்துபோகும் மாணவர்கள் மட்டுமே உள்ள கல்லூரி, வெண்டையைக் குறைத்துக்கொண்டு பூசணியும் சேனையும் போடலாம். அவை யாருக்கும் அவசரப்படுவதில்லை.

அவரை ஓய்ந்த பிறகு கொடியை வேரோடு பிடுங்காமல், அடியில் அறுத்து வேரை மண்ணிலேயே விட்டுவிடுவது நல்லது. அதற்கு முன்பு, வளர்ந்துகொண்டிருக்கும் போதே ஒரே ஒரு செடியைத் தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள். கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, கிட்டத்தட்ட ரத்த நிறம். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் தூரத்துச் சொந்தம் அது. காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆக்சிஜனைக் கட்டி வைத்து அளந்து கொடுப்பது இந்தச் சிவப்பு. வெட்டிய முடிச்சு வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை. அந்தியூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏறுவதற்கு அகத்தியை நடுகிறார்களே, அதன் வேரிலும் இதே முடிச்சுதான்.

மே மாதம் மிச்சமிருக்கிறது. தோட்டத்தில் ஆளே இல்லாத மாதம் என்று அதைப் பற்றிப் புலம்ப வேண்டியதில்லை. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். திரும்பத் திரும்பப் போட்டால் வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோய்ப் பூஞ்சையும் மண்ணில் பெருகும். இஸ்ரேலில் யாக்கோவ் காட்டான் குழுவினர் 1976ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மலிவான வைத்தியம் சொன்னது. ஊருக்குக் கிளம்பும் முன் மண்ணை நன்றாக நனைத்து, மெல்லிய பாலித்தீன் தாளை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடிவிட வேண்டும். தாள் கறுப்பாக இருக்கக் கூடாது, கண்ணாடி போல் தெரிய வேண்டும். கறுப்புத் தாள் வெயிலைத் தானே குடித்துச் சூடாகும். தெளிந்த தாள் வெயிலை மண்ணுக்குள் விட்டு, சூட்டை வெளியேறாமல் பிடித்துக்கொள்ளும். மேல்மண் 45, 50 டிகிரி வரை போகும். நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே கிடந்தால் நூற்புழு, பூஞ்சை, பெரும்பாலான களை விதைகள் எல்லாம் வெந்துவிடும்.

கோரையைத் தவிர. அதன் கிழங்கு ஆழத்தில் சொகுசாகப் படுத்திருக்கும். ஜூனில் தாளை விலக்கிய மறுவாரம், புதுப் பிள்ளைகளை வரவேற்க முதலில் தலை நீட்டுவது அதுதான்.