மலைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு வேண்டும்

2025 மே 31. இத்தாலியின் ஜிரோ சைக்கிள் பந்தயத்தில் கடைசிக்கு முந்தைய நாள். மூன்று வாரமாக ஓட்டிக் களைத்தவர்கள் கோலே டெல்லே ஃபினெஸ்ட்ரே என்ற கணவாயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். 18 கி.மீ.க்கு மேல் நீளம், சராசரியாக 9 சதவீத ஏற்றம், கடைசி எட்டு கி.மீ. தார் காணாத சரளைப் பாதை. முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியை மெக்சிகோவின் இசாக் டெல் டோரோ அணிந்திருந்தார். ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் 43 விநாடியும், பிரிட்டனின் சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 விநாடியும் பின்தங்கியிருந்தார்கள். யேட்ஸ் முந்திப் போனதும் மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் துரத்தினால் நீ என் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து கடைசியில் என்னையே தாண்டிவிடுவாய் என்ற அச்சம் இருவருக்கும். உச்சியைத் தொட்டபோது யேட்ஸ் பெற்றிருந்த முன்னிலை இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் அன்றைய பந்தயம் அந்த உச்சியில் முடியவில்லை. இறக்கம் இருந்தது, அதற்குப் பின் பள்ளத்தாக்குச் சாலை, பிறகுதான் செஸ்ட்ரியேர் நகரம் வரை மிதமான ஏற்றம். காலையிலேயே முன்னால் போயிருந்த அணித் தோழர் வவுட் வான் ஆர்ட் இறக்கத்துக்குப் பின் யேட்ஸுக்காகக் காத்திருந்து, தன் முதுகுக்குப் பின்னால் வைத்து இழுத்துச் சென்றார். முடிவுக் கோட்டில் இடைவெளி ஐந்து நிமிடத்தைத் தாண்டியிருந்தது. ஜிரோ யேட்ஸுக்குப் போனது. இதே ஃபினெஸ்ட்ரேயில் 2018இல் இதே இளஞ்சிவப்பு ஜெர்சியோடு ஏறி, 38 நிமிடத்துக்கு மேல் இழந்து நொறுங்கியவர் அவர்.

அன்றைய கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். யேட்ஸ் ஈட்டிய ஐந்து நிமிடத்தில் மலை கொடுத்தது பாதிக்கும் குறைவு. மீதியைக் கொடுத்தது மலைக்குப் பின்னால் கிடந்த சாலை. அதில் இழுத்துச் சென்றவரும் மலை வீரர் அல்ல. சமதளத்திலும் கல் பாவிய சாலைகளிலும் பேர் வாங்கிய கனத்த உடல்காரர். நெடும் சைக்கிள் பந்தயங்களைப் பற்றிய பேச்சில் மலைதான் எல்லாம் என்று ஆகிவிட்டது. ரசிகர்கள் இன்னும் அதிக மலை கேட்கிறார்கள், அதுவும் மலையுச்சியிலேயே முடிகிற கட்டங்களைக் கேட்கிறார்கள். சமதள நாட்களைத் தூக்கி எறியுங்கள், தனியாக ஓட்டும் டைம் டிரையலைக் குறையுங்கள் என்கிறார்கள். இந்தக் கோரிக்கை மலையையே பலவீனப்படுத்தும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. மலையின் வலிமை அதன் உயரத்தில் மட்டும் இல்லை. அது எந்த இடத்தில் நிற்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன வகை நாட்கள் வருகின்றன என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

முதலில் மலை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சமதளத்தில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். அதனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொள்கிறவருக்கு உழைப்பில் பெரும் மிச்சம். நூற்றைம்பது பேர் ஒரே கூட்டமாகப் போக முடிவதும், கூட்டத்தின் நடுவில் இருப்பவர் ஏறக்குறைய இளைப்பாறிக்கொண்டே வர முடிவதும் இதனால்தான். 8 சதவீத ஏற்றம் வந்ததும் கணக்கு புரண்டுவிடுகிறது. அங்கே சிறந்த வீரரின் வேகம் மணிக்கு 20 கி.மீ. அளவில் நிற்கும், அதாவது ஒரு மணி நேரத்தில் 1,600 மீட்டர் செங்குத்தாக உயர்கிறார். 60 கிலோ எடையுள்ள வீரர், சைக்கிளும் உடையும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 68 கிலோ என்று வைத்துக்கொண்டால், புவியீர்ப்பை எதிர்த்து ஏற மட்டும் ஏறத்தாழ 300 வாட் வேண்டும். காற்றுக்குப் போவது அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து பெரிய பயனில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்ற ஒற்றை எண் ஆட்சிக்கு வருகிறது. சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் விதி போட்டிருப்பதால், குறைப்பதற்கு மிஞ்சுவது உடலின் எடைதான்.

சிக்கல் இந்த எளிமையில்தான் தொடங்குகிறது. மலை, வீரர்களை விரைவாகவும் நேர்மையாகவும் வரிசைப்படுத்துகிறது. ஆனால் ஒரே எண்ணைக் கொண்டுதான் வரிசைப்படுத்துகிறது. ஐந்து கட்டங்களை மலையுச்சியில் முடித்தால், ஒரே தேர்வை ஐந்து முறை எழுதச் சொன்னது போல ஆகும். முதல் முறை வந்த வரிசையே பெரும்பாலும் திரும்ப வரும். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. முடிவு கடைசி ஏற்றத்தில்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், அதற்கு முன் யாரும் அசைய மாட்டார்கள். பலமான அணி தன் ஆட்களை வரிசையாக முன்னால் நிறுத்தி, மற்றவர்கள் தாக்க முடியாதபடி ஒரே சீரான வேகத்தில் இழுத்துச் செல்லும். பந்தயம் கடைசி மூன்று, நான்கு கி.மீ.க்குச் சுருங்கும். 2010களில் பிரிட்டனின் ஸ்கை அணி பிரான்ஸின் பெரிய மலைகளில் ஆண்டுக்கு ஆண்டு இதைத்தான் செய்து காட்டியது.

பழைய டூர் டி பிரான்ஸ் இப்படித் தொடங்கவில்லை. 1903இல் லோட்டோ என்ற செய்தித்தாள் தன் விற்பனைக்காக ஆரம்பித்த இந்தப் பந்தயத்துக்கு 1910இல்தான் பிரெனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்கள் வந்தன. லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கி.மீ. ஒரே நாளில். பெயரஸூர்த், ஆஸ்பன், தூர்மலே, ஒபிஸ்க் என நான்கு கணவாய்கள். அந்த ஆண்டின் வெற்றியாளர் ஒக்தாவ் லாபீஸ், மலையில் நின்றிருந்த அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தியதாகப் பதிவாகியிருக்கிறது. அவரது கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பாதையின் அமைப்பைக் கவனியுங்கள்: கடைசிக் கணவாயைத் தாண்டிய பிறகும் நூறு கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தது. மலையில் முந்தியவர் அந்த முன்னிலையைச் சமதளத்தில் காப்பாற்றியாக வேண்டும். மலையில் பிந்தியவருக்கு எட்டிப் பிடிக்க இடம் இருந்தது. டூரில் மலையுச்சி முடிவு முதன்முதலாக வந்தது 1952இல். அல்ப் துவேஸ், செஸ்ட்ரியேர், பூய் தெ டோம் என்ற மூன்று உச்சிகள். மூன்றிலும் ஃபாஸ்டோ கொப்பியே வென்றார். டூரை இரண்டாம் இடத்தவரை விட 28 நிமிடத்துக்கு மேல் முன்னால் முடித்தார். அவர் எந்தப் பாதையிலும் வென்றிருக்கக் கூடியவர் என்பது உண்மை. இருந்தாலும் அல்ப் துவேஸின் புகழ்பெற்ற 21 கொண்டை ஊசி வளைவுகளுக்கு டூர் திரும்பி வர 1976 வரை ஆனது.

டைம் டிரையலைக் குறைக்கச் சொல்கிறவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. நீண்ட டைம் டிரையல், கனத்த உடலும் பெரிய எஞ்சினும் கொண்டவர்களுக்குச் சாதகம். மலையில் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த நிமிடங்களை அவர்கள் ஒரே மணி நேரத்தில் விழுங்கிவிடுகிறார்கள் என்பது அது. 2012 டூரில் தனியாக ஓட்டும் தூரம் 100 கி.மீ.யைத் தாண்டியது, பிராட்லி விகின்ஸ் வென்றார், மலைகள் சோர்ந்து கிடந்தன. அந்தக் குறையை ஏற்கத்தான் வேண்டும். அது அளவு மீறிய பாதை. ஆனால் 2011ஐப் பாருங்கள். கடைசிக்கு முந்தைய நாள் கிரெனோபிளில் 42.5 கி.மீ. டைம் டிரையல். அதில் காடல் எவான்ஸிடம் தோற்பேன் என்று மலை வீரர் ஆண்டி ஷ்லெக்குக்குத் தெரியும். ஆகவே கடைசி ஏற்றம் வரை காத்திருக்க அவரால் முடியவில்லை. முடிவுக்கு 60 கி.மீ. இருக்கும்போதே இஸுவார் கணவாயில் தனியாகப் புறப்பட்டு, 2,645 மீட்டர் உயரத்தில் காலிபியேர் உச்சியில் வென்றார். பின்னால் எவான்ஸ், உதவி செய்ய யாரும் முன்வராத ஒரு கூட்டத்தின் தலையில் நின்று, நஷ்டத்தைக் குறைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கிரெனோபிளில் 57 விநாடி பின்தங்கிக் கிளம்பிய எவான்ஸ், அன்று மாலை ஷ்லெக்கை விட 1 நிமிடம் 34 விநாடி முன்னால் நின்றார். அந்த டைம் டிரையல் இல்லாவிட்டால் இஸுவார் தாக்குதலே நடந்திருக்காது. மலை வீரரைத் துணிய வைப்பது, தனக்குச் சாதகமில்லாத ஒரு நாள் முன்னால் காத்திருக்கிறது என்ற அறிவுதான்.

சமதள நாட்கள் சலிப்பூட்டுகின்றன என்ற புகாரில் உண்மை இருக்கிறது. நான்கு மணி நேரம் எதுவுமே நடக்காமல் கடைசி இருநூறு மீட்டரில் மட்டும் பாய்ச்சல் என்றால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? ஆனால் சமதளம் என்றால் வெறுமை என்று முடிவு கட்டுவது அவசரம். 2015 டூரில் தனி டைம் டிரையல் வெறும் 13.8 கி.மீ.; மலை வீரர்களுக்காகவே வரைந்த பாதை என்று பேசப்பட்டது. கொலம்பியாவின் நைரோ கின்டானா முடிவில் கிறிஸ் ஃப்ரூமிடம் 1 நிமிடம் 12 விநாடியில் தோற்றார். இரண்டாம் நாள், நெதர்லாந்தின் கடலோரச் சமவெளியில், பக்கவாட்டுக் காற்றில் கூட்டம் துண்டு துண்டாக உடைந்தபோது அவர் இழந்தது 1 நிமிடம் 28 விநாடி. பக்கத்திலிருந்து காற்று அடித்தால் முன்னவரின் நேர் பின்னால் நிழல் இருக்காது; சாய்வாக ஒதுங்கி வரிசை கட்ட வேண்டும். சாலையின் அகலம் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் அந்த வரிசையில் இடம் தரும். மற்றவர்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையாகத் தொங்கி, ஒருவர் பின் ஒருவராக அறுந்து போவார்கள். ஆகவே சமதள நாளைச் சரிசெய்ய அதை நீக்க வேண்டியதில்லை; காற்று வீசும் கரையோரத்தில், சரளைச் சாலையில், முடிவுக்கு அருகே குன்று இருக்கும் ஊரில் கொண்டுபோய் வைத்தால் போதும்.

சமதளம், கடைசிப் பாய்ச்சலில் வெல்லும் ஸ்பிரிண்டர்களுக்கான பரிசு என்பதும் பாதி உண்மையே. அந்தப் பரிசுக்கு அவர்கள் விலை கொடுப்பது மலையில். 2024 டூரின் நான்காம் நாள் காலிபியேர் ஏறி வலுவாரில் முடிந்தது. முன்னால் ததெய் போகச்சர் வெற்றிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வெகு பின்னால் ஸ்பிரிண்டர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஏறினார்கள். இத்தாலியர்கள் அதை குருப்பெட்டோ என்பார்கள். அங்கே எதிரணி என்ற பேச்சே இல்லை. வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டிக் கணக்கிடும் கெடுவுக்குள் கோட்டைத் தொடாவிட்டால் மறுநாள் பந்தயத்தில் இடம் கிடையாது. அதனால் அனுபவசாலி ஒருவர் மணியைப் பார்த்து வேகத்தை நிர்ணயிக்க, மற்றவர்கள் இறக்கத்தில் எவ்வளவு மீட்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மிதிப்பார்கள். 39 வயது மார்க் கேவண்டிஷ் அப்படித் தப்பித்த மறுநாள்தான் சான்-வுல்பாவில் தன் 35ஆவது டூர் கட்டத்தை வென்று, எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனையைக் கடந்தார். பந்தயம் முழுக்க மலையாகிவிட்டால் இந்த மனிதர்கள் வரவே மாட்டார்கள். அவர்களோடு வான் ஆர்ட் போன்றவர்களும் போய்விடுவார்கள். பள்ளத்தாக்கில் இழுக்க ஆள் இருக்காது.

போகச்சர் போன்ற ஒருவர் இருக்கும்போது பாதையை எப்படி வரைந்தால் என்ன, எல்லாவற்றிலும் அவரே வெல்கிறாரே என்று கேட்கலாம். 2024இல் ஆறு கட்டங்களையும், ஆறு நிமிடத்துக்கு மேலான வித்தியாசத்தில் டூரையும் வென்றார். பாதையின் பலவகைமை வலிமையானவரைத் தோற்கடிக்கும் மந்திரம் அல்ல. அப்படி ஒரு வாக்குறுதியை யாரும் கொடுக்கவும் முடியாது. ஆனால் அவரைத் தோற்கடிக்க வழி கிடைத்த நாள் எப்படி இருந்தது என்பது முக்கியம். 2022 டூரில் கிரானோன் உச்சியில் அவர் யோனாஸ் விங்ககோரிடம் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். அந்தத் தோல்விக்கான வேலை கிரானோனில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே, காலிபியேர் ஏற்றத்தில், யம்போ-விஸ்மா அணியின் பிரிமோஸ் ரோக்லிச்சும் விங்ககோரும் மாறி மாறித் தாக்க, போகச்சர் ஒவ்வொரு முறையும் தானே பின்தொடர்ந்து சக்தியைச் செலவழித்தார். ஒரே ஒரு கடைசி ஏற்றம் மட்டும் இருந்திருந்தால் அந்த வியூகத்துக்கு இடமே இல்லை.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் உயிர் பற்றியது. மலையை நடுவில் வைத்தால் இறக்கம் பந்தயத்தின் பகுதியாகிவிடும். 2023 ஜூனில் சுவிஸ் பந்தயத்தின் அல்புலா இறக்கத்தில் விழுந்த கினோ மேடர் மறுநாள் இறந்தார். அவருக்கு வயது 26. அந்தக் கட்டம் இறக்கத்தின் அடிவாரத்தில் முடிவதாக இருந்தது. இந்த மரணத்தின் முன் பந்தயச் சுவை என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. ஆனால் இறக்கம் முடிந்த உடனேயே முடிவுக் கோடு இருப்பதும், இறக்கத்துக்குப் பின் நீண்ட பள்ளத்தாக்கும் இன்னொரு மிதமான ஏற்றமும் இருப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் ஒவ்வொரு வளைவிலும் விநாடிக்காகச் சூதாட வேண்டியிருக்கும். இரண்டாவதில் கீழே தூரம் மிச்சம் இருப்பதால் அந்த நெருக்கடி தளரும். ஃபினெஸ்ட்ரே நாளின் அமைப்பு இரண்டாம் வகை. அடிவாரத்தில் கோடு போடும் பழக்கத்தை அமைப்பாளர்கள் விட்டுவிட வேண்டும். மலையை நடுவில் வைக்கும் பழக்கத்தை விட வேண்டியதில்லை.

2024 ஆகஸ்டில் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் தன் எட்டாம், கடைசிக் கட்டத்தில் அல்ப் துவேஸ் உச்சியில் முடிந்தது. 13.8 கி.மீ., 8.1 சதவீதம். டெமி வொல்லரிங் அந்த மலையில் எல்லாரையும் விட வேகமாக ஏறி வென்றார். 1 நிமிடம் 1 விநாடி கழித்து வந்த காசியா நீவியாடோமா கோட்டைத் தாண்டியதும் மூச்சு வாங்கிக்கொண்டு கணக்கைக் கேட்டார். முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி நான்கு விநாடி வித்தியாசத்தில் அவருக்கு. வொல்லரிங் ஐந்தாம் கட்டத்தில், மலையே இல்லாத அம்னேவில் நகருக்குப் போகும் சாலையில், முடிவுக்குச் சில கி.மீ. முன் கீழே விழுந்து 1 நிமிடம் 47 விநாடி இழந்திருந்தார்.