தாத்தாவோட துருப்பிடிச்ச கத்தியை எடைக்குப் போடாதீங்க!

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. தரையில் விரித்த தார்ப்பாய் மீது பழைய பூட்டு, ஓடாத கைக்கடிகாரம், வால்வு ரேடியோ, பித்தளைக் குழாய் என்று குவிந்து கிடக்கிறது. நடுவில் அழுக்கேறிய ஒரு மடக்குக் கத்தி.

"இது என்ன வெலைண்ணே?"

"ஏதாவது குடுத்துட்டு எடுத்துக்க தம்பி. துரு ஏறிப் போச்சு."

இப்படித்தான் பல கத்திகள் கை மாறுகின்றன. விற்றவருக்கு அது வெறும் இரும்பு. வாங்கியவர் வீட்டுக்குப் போய் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால், பிளேடின் அடியில் பொடி எழுத்துகள் தெரியும். அந்த எழுத்துதான் விலை!

தபால் தலை, நாணயம் சேர்ப்பது போல பழைய மடக்குக் கத்திகளையும், ஒன்றுக்குள் பத்து சாமான் அடங்கிய பாக்கெட் கருவிகளையும் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நம்ம ஊர் வீடுகளிலும் இந்தச் சரக்கு உண்டு. பட்டாளத்தில் இருந்த தாத்தா கொண்டு வந்தது, சிங்கப்பூர் மாமா கொடுத்தது, பர்மா பஜாரில் அப்பா ஆசைப்பட்டு வாங்கியது என்று டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும்.

ஒன்றில் பல என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு மட்டும் அல்ல. அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியும் காதுக் குடுமியும் சேர்த்து மாட்டிக்கொண்டு திரிந்த கிராமத்துப் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். ரோமானியர்களும் சளைத்தவர்கள் இல்லை. கி.பி. 3-ம் நூற்றாண்டைச் சேர்ந்த வெள்ளிக் கருவி ஒன்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரண்டி, முள்கரண்டி, கத்தி, குத்தூசி எல்லாம் அதில் மடங்குகிறது!

துப்பாக்கிக்காகப் பிறந்த கத்தி

சேகரிப்பவர்களின் செல்லப்பிள்ளை சுவிஸ் ராணுவக் கத்திதான். அதன் கதையே சுவாரஸ்யம்.

1880-களின் கடைசியில் சுவிஸ் ராணுவத்துக்கு புது மாடல் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றி மாட்ட ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். சிப்பாய்க்கு டின்னில் சாப்பாடு, அதைத் திறக்கவும் ஒன்று வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள். பிளேடு, குத்தூசி, டின் ஓப்பனர், ஸ்க்ரூ டிரைவர் நான்கையும் ஒரே மரக் கைப்பிடிக்குள் அடக்கச் சொன்னார்கள்.

வேடிக்கை என்னவென்றால், முதல் கத்திகளைச் செய்தது சுவிஸ்காரர்கள் இல்லை. அவ்வளவு எண்ணிக்கை செய்துதர அங்கே ஆள் இல்லாததால் ஜெர்மனியின் சோலிங்கன் நகருக்கு ஆர்டர் போனது. கார்ல் எல்ஸ்னர் என்ற கத்திப் பட்டறைக்காரருக்கு இது பொறுக்கவில்லை. 1884-ல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கியவர் அவர். 1891-ல் அவரும் ராணுவத்துக்குக் கத்தி சப்ளை செய்யத் தொடங்கினார். 1897-ல் இன்னொரு பிளேடும் கார்க் பிடுங்கும் சுருள் கம்பியும் சேர்த்து 'ஆபீசர் கத்தி'யைப் பதிவு செய்தார். பேர்தான் ஆபீசர். ராணுவம் அதைக் கொடுக்கவில்லை, ஆபீசர்கள் கைக்காசு போட்டுத்தான் வாங்கினார்கள்.

1909-ல் எல்ஸ்னரின் அம்மா விக்டோரியா இறந்தார். அம்மா பெயரையே கம்பெனிக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகுக்கு பிரெஞ்சில் 'இனாக்ஸ்'. 1921-ல் அதையும் சேர்த்து ஒட்டியதுதான் 'விக்டோரினாக்ஸ்'.

அடியில் என்ன எழுதியிருக்கு?

இனி விஷயத்துக்கு வருவோம். கத்தி கையில் கிடைத்ததும் கூர் பார்க்காதீர்கள். பிளேடைத் திறந்து, அது மடங்குகிற இடத்தை ஒட்டிய கூர் இல்லாத அடிப்பகுதியைப் பாருங்கள். லென்ஸ் இருந்தால் நல்லது. கம்பெனி பேரும் ஊரும் அங்கேதான் இருக்கும்.

'விக்டோரியா' என்று மட்டும் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், அது ரொம்பப் பழசு. 'வெங்கர்' என்று இருந்தால் அதுவும் அசல் சுவிஸ் கத்திதான். இரண்டு கம்பெனியும் பல வருஷம் ராணுவத்துக்கு சப்ளை செய்தன. வெங்கரை 2005-ல் விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. இப்போது அந்தப் பெயரில் கத்தி வருவதில்லை. அதனால் வெங்கருக்கு ஒரு தனி கிராக்கி!

வெள்ளி நிறத்தில், அலுமினியக் கைப்பிடியோடு, கார்க் சுருள் இல்லாத கத்தி கிடைத்தால் இன்னும் உஷார் ஆகுங்கள். அது 1961-ல் வந்த சிப்பாய் மாடலாக இருக்கலாம். 2008-ல் புது மாடல் வரும்வரை சுவிஸ் சிப்பாய்களுக்குக் கொடுத்தது அதைத்தான். பிளேடின் அடியில் இரண்டே இரண்டு எண் குத்தியிருக்கும். '73' என்று இருந்தால் 1973-ல் செய்தது. பிறந்த வருஷத்தைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிற கத்தி! தங்கள் பிறந்த வருஷக் கத்தியைத் தேடுகிறவர்கள் இதற்காகவே உண்டு.

போலியும் நிறைய. சிவப்பு கலர், மேலே ஒரு சிலுவை இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அடியில் கம்பெனி பேர் இல்லாமல் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் இருந்தால் சந்தேகம்தான். அசலில் பிளேடு திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று உட்காரும், இடவலமாக ஆடாது. விக்டோரினாக்ஸ் சிலுவை கேடயத்துக்குள் இருக்கும். வெங்கர் சிலுவை, முனை மழுங்கிய சதுரத்துக்குள்.

அம்புக்குறியும் பிளேயரும்

தாத்தா இரண்டாம் உலகப் போர் காலத்து பட்டாளத்துக்காரரா? கனமான கத்தி, ஒரு பக்கம் பிளேடு, முதுகுப் பக்கம் தடித்த ஆணி போல ஒன்று இருக்கிறதா? கயிற்று முடிச்சை நெம்பி அவிழ்க்கத்தான் அந்த ஆணி. கத்தியில் மேல் நோக்கிய அகல அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்று அடையாளம். பக்கத்தில் வருஷமும் இருந்தால் அதிர்ஷ்டம்.

'ஜோசப் ராட்ஜர்ஸ்' என்ற பெயரும், நட்சத்திரமும் சிலுவையும் இருந்தால் அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு சரக்கு. ஒரு காலத்தில் உலகம் பூரா பேர் வாங்கியது. இதே கம்பெனி 1851 லண்டன் கண்காட்சிக்கு 75 பிளேடு வைத்த ஒரு கத்தி செய்தது. பாக்கெட்டில் வைக்க அல்ல, பார்த்து வாயைப் பிளக்க!

புதுசிலும் பழசு உண்டு. அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1975-ல் ஐரோப்பாவில் பழைய கார் ஒன்றை ஓட்டிச் சுற்றினார். வழியெல்லாம் ரிப்பேர். பாக்கெட் கத்தி இருக்கு, கட்டிங் பிளேயர் இல்லையே என்று எரிச்சல். அந்த எரிச்சலில் வருஷக்கணக்காக உழைத்து 1983-ல் பிளேயரே மடங்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அந்த முதல் மாடல் 2004-ல் நின்றுவிட்டது. இப்போது அதையும் சேர்க்கிறார்கள்.

மாட்டிக்காதீங்க!

இந்த இடம்தான் முக்கியம். பழைய கத்திகளில் சிலவற்றுக்கு யானைத் தந்தம், மான் கொம்பில் கைப்பிடி இருக்கும். 'தாத்தா காலத்துது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். மான் கொம்பு வியாபாரத்துக்கும் அதே கதிதான். வெள்ளைக் கைப்பிடி எல்லாம் தந்தம் ஆகாது, பெரும்பாலும் எலும்புதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், கோடுகள் தெரியும். தந்தத்தின் வெட்டு முகத்தில் குறுக்கு நெடுக்காக வலை போல கோடு ஓடும். சந்தேகம் இருந்தால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது ஆயுதச் சட்டம். பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. பாக்கெட் கத்தி இந்த அளவை எட்டாது. ஆனாலும் எலக்ட்ரீஷியன் பையில் ஸ்பானரோடு இருக்கிற கத்தி வேறு, ராத்திரி வாகனச் சோதனையில் இடுப்பிலிருந்து எடுக்கிற கத்தி வேறு. போலீஸ்காரர் கேட்கிற முதல் கேள்வி 'எதுக்கு வெச்சிருக்கே?' என்பதுதான். சேகரிப்புக் கத்தி வீட்டுப் பெட்டிக்குள் இருக்கட்டும். விமானத்தில் போனால் கைப்பையில் வைக்கவே வைக்காதீர்கள், செக்-இன் பெட்டிக்குள் போடுங்கள். மறந்துபோய் கைப்பையில் வைத்துப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

சாணைக்காரரிடம் கொடுக்காதீங்க

பழைய கத்தி கிடைத்ததும் நம்ம ஆட்கள் செய்யும் முதல் வேலை, சாணை பிடித்து பளபளப்பாக்குவது. அதோடு மதிப்பு போச்சு! சக்கரம் பிளேடைத் தின்றுவிடும், அந்தப் பொடி எழுத்தும் அழிந்துவிடும். பழைய எஃகில் படிந்த சாம்பல் கறுப்பு நிறம் துரு அல்ல, அதை விட்டுவிடுங்கள். செந்நிறத் துருவை மட்டும் எண்ணெய் போட்டு ஊறவைத்து துணியால் தேய்க்கலாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு அழுக்கு எடுத்து, ஈரம் போகக் காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து பிளேடே திறக்காது.

தோல் உறையிலேயே போட்டு வைத்தால் ஈரம் பிடித்து பிளேடில் துரு ஏறும். செல்லுலாய்டு கைப்பிடி உள்ள பழைய கத்தி இருந்தால் அதை மட்டும் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். அந்தப் பழைய பிளாஸ்டிக் கெட்டுப்போகும்போது அமில வாயு விடும். பக்கத்தில் இருக்கிற நல்ல கத்திகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், குபீரென்று தீயும் பிடிக்கும்.