பீரோ வாடையா? பாப்பாவுக்கு ஆகாது!

வீட்டில் தலைப்பிரசவமா? "மெத்துன்னு இருக்குமுங்க" என்று பாட்டியின் பழைய பருத்திச் சேலையைப் பீரோவிலிருந்து எடுப்பீர்கள். கூடவே வாடையும் வரும். எந்த வாடை என்று முதலில் மோந்து பாருங்கள்.

மக்கல் வாடையா? துணியில் தங்கிய ஈரத்திலும் அழுக்கிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்வதால் வருவது அது. சிறுவாணித் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். போர் தண்ணீரிலோ, அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகித் துணியிலேயே படியும்; வாடை போகாது. அரை பக்கெட் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு துவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் மொறமொறவென்று காயப் போடுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்!

அந்துருண்டை வாடையா? அந்தத் துணி குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். எண்ணெய் தடவிய உடம்பில் இன்னும் சுலபமாக இறங்கும். 'ஜி6பிடி' என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள்காமாலை வரலாம். முற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். இந்தக் குறை இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியாது.

கண்ணோ தோலோ மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்துப் போனால், பால் குடிக்காமல் துவண்டால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்துருண்டை விஷயத்தையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.