யானையைக் கொடுத்து நேரம் வாங்கியவர்

குந்தா மலையில் மின்வாரியம் விசித்திரமான ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறது. மேலே போர்த்திமந்து அணை, கீழே அவலாஞ்சி - எமரால்டு நீர்த்தேக்கம். மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவை எகிறும் வேளையில் அதையே திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பதுதான் திட்டம். நான்கு இயந்திரங்கள், 500 மெகாவாட். ஏற்றுவதற்குச் செலவான மின்சாரம் முழுதாகத் திரும்பி வராது. இத்தகைய நிலையங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். யூனிட்டை மட்டும் எண்ணுகிறவருக்கு இது நட்டம். ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் மின்சாரம் கையில் இருக்க வேண்டும் என்கிறவருக்கு லாபம்.

சதுரங்கத்தில் காயைப் பலி கொடுத்துத் தாக்குகிறவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். இதற்கு நம்மூர்க்காரர் ஆடிய ஓர் ஆட்டத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 2013 ஜனவரி 15, நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ. வெள்ளைக் காய்களுடன் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன். அன்றைய உலகத் தரவரிசையில் முதல் சில இடங்களில் இருந்தவர். கருப்புக் காய்களுடன் அப்போதைய உலகச் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த். 23 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது.

உண்மையில் முதலில் தாக்கியவர் அரோனியன்தான். 12-வது நகர்த்தலில் அவர் குதிரை ஜி5 கட்டத்துக்குப் பாய்ந்து, கருப்பு ராஜாவின் வாசலில் நின்றது. ஆனந்த் அங்கே போய்த் தடுக்கவில்லை. பலகையின் நடுவைப் பிளக்க சி5-க்குச் சிப்பாயைத் தள்ளினார். ஓரத்தில் தாக்குகிறவனை நடுவில் திருப்பி அடி என்பது பழைய பாடம். அடுத்து அரோனியனின் குதிரை எச்7 சிப்பாயை வெட்டிவிட்டு, எஃப்8-இல் நின்ற யானைக்குக் குறி வைத்தது.

யானையை நகர்த்துவார் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனந்த் நகர்த்தவில்லை. அடுத்த ஆறு நகர்த்தல்கள் வரை அந்த யானை வெட்டுப்படத் தயாராக அப்படியே நின்றது! குதிரை ஜி4-க்குப் போனது, சிப்பாய் சிப்பாயை வெட்டியது, மந்திரி சி5-க்கு வந்தது, இன்னொரு குதிரை இ5-க்குத் தாவியது. யானையை எடுக்க அரோனியனுக்கு ஒரு நகர்த்தல் வேண்டும். அந்த ஒன்றை ஒதுக்க ஆனந்த் அவருக்கு இடமே தரவில்லை.

இ5-க்கு வந்த குதிரையைக் கொஞ்சம் கவனியுங்கள். அது வெறும் சிப்பாய் வெட்டும் இடத்தில் போய் நிற்கிறது. வெட்டினால்? குதிரை விலகியதால் திறந்த பாதையில் கருப்பு ராணி டி4-க்கு இறங்கிச் செக் வைக்கும். ராஜா மூலைக்கு ஒதுங்கினால், ராணி ஜி1-இல் தன்னையே பலி கொடுக்கும். பக்கத்திலிருக்கும் யானை அதை வெட்டியே ஆக வேண்டும். உடனே ஜி4 குதிரை எஃப்2-க்குப் பாய்ந்தால் மேட். சொந்தப் படையே சுற்றி அடைத்து நிற்க, ராஜாவுக்கு நகர ஒரு கட்டம்கூட இருக்காது.

அரோனியன் அந்தப் பொறியில் விழவில்லை. 19-வது நகர்த்தலில் ஒருவழியாக யானையையும் வெட்டினார். அதே நகர்த்தலில் ராணி எச்7-இல் இறங்கிச் செக் வைக்கும் மிரட்டலும் இருந்தது. ஆனந்தின் பதில் எஃப்5-க்கு ஒரு சிப்பாய். வெள்ளை ராணி வரவேண்டிய மூலைப்பாதை மூடியது, ஜி4 குதிரைக்குக் காவலும் கிடைத்தது. ஆட்டத்தின் ஆக அழகான நகர்த்தல் எது என்று கேட்டால் பலரும் மந்திரியையோ இ5 குதிரையையோ சொல்வார்கள். என் ஓட்டு இந்தச் சிப்பாய்க்குத்தான். தாக்குதலின் உச்சத்தில் ஒரு கணம் நின்று கதவைச் சாத்திவிட்டு வருவதற்குத் தனி நிதானம் வேண்டும்.

கடைசி நகர்த்தலில் கருப்பு மந்திரி இ3-க்கு வந்து, எச்3-ஐக் காத்து நின்ற ராணியின் வழியை மறித்தது. அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த நிலையில் பலகையை எண்ணினால் வேடிக்கை. அவரிடம் இரண்டு யானைகள், ஆனந்திடம் ஒன்று. பதிலுக்கு ஆனந்திடம் ஒரு மந்திரி கூடுதல். சிப்பாய்கள் இரு பக்கமும் ஐந்தைந்து. கணக்குப்படி வெள்ளைதான் மேலே. ஆனால் ஏ1 யானையும் சி1 மந்திரியும் ஆட்டம் முழுக்க ஓர் அடிகூட நகரவில்லை. தாக்குதலில் எண்ண வேண்டியது பெட்டியிலுள்ள காய்களை அல்ல, ராஜாவைச் சுற்றி அந்த நேரத்தில் வேலை செய்யும் காய்களை. சாதகம் கையில் சேராமல் தாக்கக் கூடாது, சேர்ந்தபின் தாக்காமல் இருக்கவும் கூடாது என்பது 1886-இல் முதல் உலகச் சாம்பியனான ஸ்டைனிட்ஸின் போதனை.

இதெல்லாம் அங்கேயே உட்கார்ந்து தோன்றியதா? முழுக்க இல்லை. 2012-இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் நடந்த உலகப் பட்டப் போட்டிக்காக ஆனந்த் குழு தயாரித்து, அங்கே பயன்படாமல் போன யோசனை இது. அதற்கும் முன்னோடி உண்டு. 1907-இல் போலந்தின் லோட்ஸ் நகரில் ரொட்லெவியை ரூபின்ஸ்டைன் வென்ற ஆட்டத்திலும் இரண்டு மந்திரிகள் இப்படித்தான் வெள்ளை ராஜாவை நோக்கிக் குறுக்காகப் பாய்ந்தன. ராணியையே பலி கொடுத்தார் அவர்.

பழைய ஆட்டம் ஒன்று இப்படிப் புதிய ஆட்டத்தில் கைகொடுப்பதை நினைவாற்றல் ஆய்வாளர்கள் வேறு வழியில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. உண்மையான ஆட்ட நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், மாஸ்டர் பெரும்பகுதியைத் திரும்ப அடுக்கிவிடுவார், கற்றுக்குட்டி திணறுவார். காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினாலோ, இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. மாஸ்டர் தனித்தனிக் காயைப் பார்ப்பதில்லை, பழகிய கூட்டங்களைப் பார்க்கிறார். பி7-இலும் சி5-இலும் இரு மந்திரிகள் என்றதும் ரூபின்ஸ்டைன் நினைவுக்கு வருவது அப்படித்தான்.

குந்தாப் பக்கம் மஞ்சூரிலோ எமரால்டிலோ செஸ் கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த ஆட்டத்தைக் கணினியில் ஓடவிடாமல் பலகையில் அடுக்கிக் கொடுங்கள். வெள்ளையின் 15-வது நகர்த்தலோடு நிறுத்தி, கருப்புக்கு நீ என்ன ஆடுவாய் என்று கேளுங்கள். யானையைக் காப்பாற்றுவேன் என்று சொன்னால் திட்டாதீர்கள். முதலில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.