பூச்சிகளின் நிறவேறுபாடும் சூழலும்: ஒரு விளக்கம்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பியத்தைப் பயின்றோர்க்குச் சூழல் உயிர்களை உருவாக்குகிறது என்னும் கூற்று புதியதன்று. எனினும் 'உருவாக்குகிறது' என்னும் சொல்லுக்குள் வெவ்வேறான இரு நிகழ்முறைகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியத் தவறியமையால் விஞ்ஞானம் மட்டுமன்றி முற்போக்கு இயக்கமும் இழப்புக்குள்ளாகியது. பூச்சிகளின் நிறத்தைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

காரைதீவுக்கு மேற்கே சம்மாந்துறை நோக்கி விரியும் வயல்வெளிகள் போன்ற இலங்கையின் தாழ்நிலங்களில், அந்தியிற் பறக்கும் கபில நிற வண்ணத்துப்பூச்சியொன்று வாழ்கிறது. மெலனிட்டிஸ் லீடா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அதன் புழு நெல்லையும் புல்லையும் உண்பது. மாரிகாலத்து வடிவத்தின் கீழ்ச்சிறகில் கண்போன்ற வளையங்கள் தெளிவாகத் தோன்றும். வறட்சிக்காலத்து வடிவத்தில் அவை மங்கி, சிறகு காய்ந்த சருகை ஒத்திருக்கும். பசுமை மிக்க காலத்திற் கண்வளையங்கள் பகையின் தாக்குதலை உடலிலிருந்து திசைதிருப்ப உதவுகின்றன. சருகு மிக்க காலத்தில் மறைந்திருத்தலே பாதுகாப்பாகிறது. இவ்விரு வடிவங்களும் ஒருகாலத்தில் இருவேறு இனங்களாகக் கருதப்பட்டன. இத்தகைய வண்ணத்துப்பூச்சிகளை வளர்த்துப் பார்த்த டி நிசெவில், 1886இல் கல்கத்தாவிலிருந்து வெளியிட்ட கட்டுரையில் பருவ வடிவங்கள் பற்றி விரிவாக ஆராய்ந்தார்.

இங்கு பரம்பரையலகு மாறுவதில்லை. ஒரே பரம்பரை, பருவத்தின் குறிப்பை ஏற்று இருவேறு உருக்கொள்கிறது. இதனோடு உறவுடைய ஆபிரிக்க இனமொன்றில், புழுப்பருவத்து வெப்பநிலை கூட்டுப்புழுவில் ஓமோன் சுரக்கும் காலத்தை மாற்றி, அதன்வழி சிறகின் கோலத்தை நிர்ணயிப்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். அங்கு குளிரே வறட்சியின் முன்னறிவிப்பு. எமது கிழக்குக் கரையிலோ வறட்சிக்காலமே வெப்பம் மிக்கது. ஆகவே அவ்விடையை இங்கு அப்படியே பெயர்த்து வைத்தல் இயலாது.

இரண்டாவது நிகழ்முறை இங்கிலாந்துக்குரியது. அங்கு வெண்ணிறத்திற் கரும்புள்ளிகள் கொண்ட அந்துப்பூச்சியொன்றின் கரிய வடிவம் 1848இல் மன்செஸ்ரரிற் பதிவாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அந்நகரிற் பெரும்பான்மையானவை கரியனவாயின. ஆலைப்புகை பூச்சியைக் கறுப்பாக்கவில்லை, மரங்களைக் கறுப்பாக்கியது. கரிய மரத்தில் வெண்பூச்சிகள் பறவைகளுக்கு இரையாகின. கரியவை எஞ்சிப் பெருகின. கைத்தொழில் முதலாளித்துவத்தின் சுவடு பூச்சியின் பரம்பரையிலும் பதிந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தின் பின்னர் புகை குறையவே, கரியனவும் குறைந்தன.

இம்மாற்றத்தின் வேகத்திலிருந்து, கரிய வடிவம் ஏறத்தாழ 50 வீத அனுகூலம் பெற்றிருக்க வேண்டும் என 1924இற் கணித்தவர் ஜே. பி. எஸ். ஹோல்டேன். பின்னர் மார்க்சியராகி, 1957இல் இந்தியாவிற் குடியேறி, 1964இற் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர்.

முதல் நிகழ்முறையில் மாறுவது தனியுயிரின் உரு. இரண்டாவதில் மாறுவது கூட்டத்தின் பரம்பரை. சூழல் நேரடியாகவே பரம்பரையைத் திருத்தும் என்று வாதிட்ட லைசென்கோவின் கொள்கை, 1948இற் சோவியத் ஒன்றியத்தின் அதிகாரபூர்வக் கொள்கையாயிற்று. அதற்கு முன்னரே, அதனை எதிர்த்த பயிரியல் அறிஞர் வவிலோவ் 1943இற் சிறையில் மாண்டிருந்தார். சூழலின் வலுவை வற்புறுத்துவதாலேயே ஒரு கொள்கை பொருள்முதல்வாதமாகிவிடாது. சூழலும் உயிரும் ஒன்றையொன்று தாக்கும் முறையைச் சான்றுகொண்டு காண்பதே இயங்கியல்.

காரைதீவில் 1892இற் பிறந்த விபுலானந்தர் விஞ்ஞானக் கல்வியினூடாகத் தமிழாய்வுக்கு வந்தவர். அவரது மண்ணின் பாடசாலைகள் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் இப்புழுக்களை வளர்த்து, வெப்பத்தையும் ஈரத்தையும் குறித்துவரின், அது பயன்மிக்க ஆய்வாகும்.

இவ்வேறுபாட்டின் தேவை பூச்சிகளோடு முடிவதன்று. மனிதத் தோலின் நிறமும் ஞாயிற்றுக் கதிர்களின் வலுவுக்கேற்பத் தேர்வின்வழி அமைந்ததே. அதனைக் கொண்டு உயர்வு தாழ்வு கற்பிப்போர் உயிரியலைத் துணைக்கழைக்க இயலாது. அவ்வுயர்வு தாழ்வின் வேரை நாம் உற்பத்தி உறவுகளிலேயே தேடவேண்டும்.