மேஸ்திரி யார் என்று கேளுங்கள்

ஜூன் விடுமுறையும் டிசம்பர் விடுமுறையும் வந்தால் சாங்கி விமான நிலையத்தில் ஒரே நிற டி-ஷர்ட் போட்ட இளையர் குழுக்களைப் பார்க்கலாம். முதுகில் ஒரு தொடக்கக் கல்லூரியின் பெயரோ பலதுறைத் தொழிற்கல்லூரியின் பெயரோ இருக்கும். போகும் இடம் கம்போடியா, வியட்நாம், இந்தோனீசியா, இந்தியா என எங்கோ ஒரு கிராமம். அங்கே வகுப்பறைக்குச் சுவர் எழுப்புவார்கள், கழிப்பறை கட்டுவார்கள், மழைநீர்த் தொட்டி அமைப்பார்கள். பத்துப் பதினைந்து நாளில் திரும்பிவிடுவார்கள். ஓசிஐபி (வெளிநாட்டுச் சமூக ஈடுபாட்டுத் திட்டம்) என்று சொன்னால் போதும், சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளை உள்ள வீடுகளில் புரிந்துகொள்வார்கள்.

பிள்ளை இதற்குப் பணம் கேட்கும்போது பெற்றோருக்குப் பெருமையோடு ஒரு சந்தேகமும் வருவது இயல்பு. வீட்டில் ஓர் ஆணி அடித்தறியாத பிள்ளை அங்கே போய் என்ன கட்டிவிடப் போகிறது? விமானக் கட்டணத்தை அப்படியே அந்த ஊருக்கு அனுப்பினால் ஆகாதா? இந்தக் கேள்விகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தொண்டூழியத்தை மதிக்கிறவர்கள்தான் இவற்றை முதலில் கேட்க வேண்டும்.

முதலில், ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்ப்போம். சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம் 1991ல் தொடங்கப்பட்டது. மருத்துவம், கல்வி போன்ற துறைகளில் பயிற்சி பெற்ற சிங்கப்பூரர்கள் அதன் வழியாக வெளிநாடு சென்று பணியாற்றினார்கள். 2000ல் யூத் எக்ஸ்பெடிஷன் புராஜெக்ட் என்ற இளையர் திட்டம் வந்தது. பின்னர் அது தேசிய இளையர் மன்றத்தின் பொறுப்புக்கு மாறியது. ஆசியான் நாடுகளுக்கும் சீனா, இந்தியாவுக்கும் செல்லும் குழுக்களுக்கு மானியம் கிடைத்ததால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் போக முடிந்தது. 2020ல் கொவிட் வந்து பயணங்களை நிறுத்தியது. எல்லை திறந்ததும் மறுபடி தொடங்கின. ஊருக்கு உதவுவது, இளையரைப் பக்குவப்படுத்துவது என இத்திட்டங்களுக்கு எப்போதும் இரண்டு நோக்கங்கள் உண்டு. இரண்டாவதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அதற்காக முதலாவதை விட்டுக்கொடுப்பதுதான் தவறு.

வேரைப் பார்த்தால்

அயல்நாட்டுக்குப் போய் மண் சுமக்கும் இந்த வழக்கம் முதல் உலகப் போரின் இடிபாடுகளில் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் பியேர் செரசோல் 1920ல் பிரான்ஸின் வெர்டன் அருகே சிதைந்துகிடந்த ஒரு கிராமத்தைச் சீரமைக்கப் பல நாட்டவரைக் கூட்டிச் சென்றார். அவர்களில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்றுவரை பகைவர்களாக இருந்தவர்களின் உதவியை ஏற்க ஊராருக்கு மனம் வரவில்லை. சில மாதங்களில் பணி நின்றது. ஆனால் அதிலிருந்து உருவான அமைப்பு இன்றும் இயங்குகிறது. 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் நொறுக்கியபோது செரசோல் இந்தியா வந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய தொண்டர்களோடு முசாபர்பூர் பகுதியில், வெள்ளம் ஏறாத மேட்டில், கிராமங்களைப் புதிதாக அமைக்கும் பணியில் இறங்கினார். 1937 வரை அந்த வேலை நடந்தது. பத்து நாளில் முடியக்கூடியது என்று அவர்கள் அதைக் கருதவில்லை.

இலங்கையில் 1958ல் ஏ.டி. ஆரியரத்ன என்ற ஆசிரியர், கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். நகரத்துப் பிள்ளைகள் ஊராரோடு தங்கி வேலை செய்தார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அப்படித் தொடங்கியது. தமிழ்நாட்டின் குடிமராமத்தும் இந்த வகைதான். ஏரிக்கரையை, வாய்க்காலை அதைப் பயன்படுத்துகிற ஊரே கூடிச் செப்பனிட்டது. இவற்றில் எதை, எங்கே கட்டுவது என்று முடிவு செய்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

ஒரு சுவர் எழும் விதம்

செங்கல்லை முதலில் தண்ணீரில் நனைய விட வேண்டும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. மணலைச் சலித்து, சிமெண்டோடு உலர்வாகப் புரட்டி, பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் கூடினால் கலவை போடச் சுலபமாக இருக்கும், வலு குறைந்துபோகும். இரண்டு முனையிலும் கல் வைத்து நூல் கட்டி, நூலை ஒட்டி வரிசை ஓட்ட வேண்டும். கீழ் வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வரக் கூடாது. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும், ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் எவ்வளவு உயரம் ஏற்றலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. பச்சைச் சுவரின் மேல் பாரம் ஏறினால் சாயும். கட்டிய பின் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். பயணத்தின் கடைசி இரண்டு நாளில் எழுப்பிய சுவருக்குத் தண்ணீர் ஊற்ற அந்தப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் காலையும் மாலையும் குடத்தைத் தூக்க வேண்டும்.

ஆகவே நன்றாக நடத்தப்படும் பயணத்தில் மாணவர்கள் கொத்துவேலை பார்ப்பதில்லை. அஸ்திவாரக் குழி வெட்டுவார்கள், மணல் சலிப்பார்கள், வரிசையாக நின்று கல் கைமாற்றுவார்கள், கலவைச் சட்டி சுமப்பார்கள். சித்தாள் வேலை. அதில் தாழ்வு ஏதுமில்லை. சித்தாள் இல்லாமல் கொத்தனாருக்குக் கை ஓடாது. கரண்டியை யார் பிடிக்கிறார்கள், அந்த ஆளுக்குக் கூலி உண்டா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளூர்க் கொத்தனாரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு மாணவர் சுவர் கட்டினால் ஒரு குடும்பத்தின் பத்து நாள் வருமானம் போகிறது. கோணலாக வந்த சுவரை இரவோடு இரவாகப் பிரித்துக் கட்டும் சுமையும் அவர் தலையில் விழலாம்.

இதை எழுதும்போது சிராங்கூன் சாலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவிலிருந்து ரேஸ்கோர்ஸ் ரோடு வரை நடந்தால், இந்த நகரத்தைக் கட்டிய கைகளைப் பார்க்கலாம். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் ஊருக்குப் பணம் போட வரிசையில் நிற்பார்கள். புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலைப் பணிகளில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் அதிகமான வேலை அனுமதிக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து கட்டுமான வேலைக்கு வருகிறவர், கட்டட, கட்டுமான ஆணையம் வகுத்த திறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டுவது, கம்பி கட்டுவது, குழாய் பொருத்துவது என்று ஒரு தொழிலைத் தேர்ந்து, ஊரில் பயிற்சி நிலையத்தில் தங்கி, கடன் வாங்கிப் பணம் கட்டி அந்த டெஸ்ட் எழுதியவர்கள் ஏராளம். வந்த பிறகு பாதுகாப்பு வகுப்பு. அதிலும் தேறினால்தான் கட்டுமானத் தளத்துக்குள் கால் வைக்கலாம்.

நம் நாட்டில் ஒரு சுவரைத் தொட இவ்வளவு தகுதி கேட்கிறோம். கம்போடியக் கிராமத்துப் பள்ளிச் சுவரின் கீழே உட்காரப்போவதும் குழந்தைகள்தான். அங்கே மட்டும் ஆர்வம் இருந்தால் போதும் என்று இருந்துவிடலாமா? கூடாது. அந்தக் குழந்தைகளுக்கும் நாம் இங்கே கேட்கும் அதே தரம் உரியது.

பணக் கணக்கும் பேச வேண்டியதே. 1998ல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைத் தாக்கிய பிறகு வட அமெரிக்காவிலிருந்து தேவாலயக் குழுக்கள் வீடு கட்டப் போயின. அங்கேயே வாழ்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் இதை ஆராய்ந்தார். உள்ளூர் அமைப்பு ஏறத்தாழ 2,000 டாலரில் முடித்த வீட்டுக்கு, பயணச் செலவெல்லாம் சேர்த்து ஒரு வெளிநாட்டுக் குழு 30,000 டாலர் வரை செலவிட்டிருந்தது. உள்ளூர்க்காரர் கட்டிய வீட்டுக்கும் வெளிநாட்டார் கட்டிய வீட்டுக்கும் குடியிருப்பவர் வாழ்க்கையில் வித்தியாசம் காணவில்லை. நம் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். தலைக்கு 1,500 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 20 பேருக்கு 30,000 வெள்ளி. பயணம் இல்லையென்றால் அந்தப் பணமே திரண்டிருக்காது என்று சிலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மை. அதனால்தான் பயணத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அதில் எத்தனை வெள்ளி சிமெண்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் போகிறது என்று எழுத்தில் கேட்கச் சொல்கிறேன்.

நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. 1976ல் அமெரிக்காவில் மில்லர்ட், லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கிய ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி, வீடு பெறும் குடும்பமும் உழைத்தாக வேண்டும் என்பதை விதியாகவே வைத்தது. அதன் சிங்கப்பூர்க் கிளை, படகில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்ச்சேரும் பாத்தாம் தீவில் வீடு கட்டத் தொண்டூழியர்களை அழைத்துச் செல்கிறது. தூரம் குறைவென்றால் பயணச் செலவு குறையும், அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம் கம்போடியாவின் சியெம் ரியப் பகுதியில் மணல் வடிகட்டிகளைக் கொண்டுவந்தபோது, அவற்றைச் செய்யவும் பராமரிக்கவும் ஊராருக்குக் கற்றுக்கொடுப்பதையே முக்கியமாகக் கருதியது. கற்றவர் அங்கேயே இருப்பார். அடைத்துக்கொண்டால் அவரே சரிசெய்வார்.

வெளியாட்கள் கல் சுமக்காமலே பெரிய கட்டுமானம் நடக்கும் என்பதற்கு இலங்கையின் வடக்கும் கிழக்கும் சாட்சி. போருக்குப் பின் இந்தியா அங்கே ஏறத்தாழ 46,000 வீடுகளுக்கு நிதி தந்தது. பெரும்பாலான வீடுகளை உரிமையாளர்களே கட்டினார்கள். புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாக அவர்கள் கணக்குக்கே போனது. கொத்தனாரைப் பிடித்ததும் கல் வாங்கியதும் வாசல் எந்தத் திசை என்று முடிவு செய்ததும் அந்தக் குடும்பங்களே.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். கட்டுமானப் பயணத்தோடு அநாதை இல்லத்தில் குழந்தைகளோடு இரண்டு நாள் என்று யாராவது சேர்த்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளிநாட்டார் வருகையும் நன்கொடையும் பெருகப் பெருக, வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் இல்லங்களுக்குள் இழுக்கப்படுகிறார்கள்.

என்ன செய்யலாம்? புறப்படும் முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். அங்கே மேஸ்திரி யார்? அவருக்கும் கொத்தனாருக்கும் கூலி யார் தருகிறார்கள்? இந்தக் கட்டடம் வேண்டும் என்று சொன்னது யார்? கழிப்பறை அடைத்துக்கொண்டால், கூரை ஒழுகினால், அடுத்த வருடம் யார் பார்ப்பார்? போன தடவை கட்டியது இன்று எப்படி இருக்கிறது? தெளிவான பதில் இருந்தால் பிள்ளையை மனநிறைவோடு அனுப்புங்கள். மழுப்பினால் அனுப்பாதீர்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பயணத்துக்கு முந்தைய பயிற்சியைக் குளிர்சாதன அறையில் படக்காட்சியோடு முடித்துவிடாதீர்கள். கல் கட்டுவதில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் உங்கள் பக்கத்துத் தங்குவிடுதியிலேயே இருக்கிறார்கள். வேலை அனுமதிக்காரர் தம் முதலாளிக்கு மட்டுமே வேலை செய்யலாம் என்பது சட்டம். அதனால் கட்டுமான நிறுவனங்கள் மனிதவள அமைச்சின் ஒப்புதலோடு முன்வந்து, தம் கொத்தனார்களை ஊதியத்தோடு இரண்டு சனிக்கிழமைகள் பள்ளிக்கு அனுப்பிவைக்கலாம். நூல் பிடிக்கவும் கலவை பதம் பார்க்கவும் புதுக்கோட்டைக்காரர் ஒருவரிடம் கற்ற பிள்ளை, கம்போடியக் கொத்தனாருக்கு உருப்படியான சித்தாளாக இருக்கும்.

வெளிநாடு போக முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும் முதியவரின் சுவருக்கு வண்ணம் பூச, வீட்டைச் சுத்தம் செய்ய, ஹாபிடாட்டின் சிங்கப்பூர்க் கிளையே ஆட்களைச் சேர்க்கிறது. வேலையில் அடிபட்டு, வருமானமின்றி வழக்கு முடியக் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவச உணவு வழங்கும் பணியை டிடபிள்யூசி2 அமைப்பு 2008ல் தொடங்கியது. அதற்கும் தொண்டூழியர்கள் தேவை. அடுத்த விடுமுறைக்கு விமானச் சீட்டு எடுக்கும் முன் இவற்றில் ஒன்றில் பெயர் கொடுங்கள்.