தமிழ் எழுத்தும் இணையத்தள வார்ப்புருவும்

பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கு வேர்டுபிரஸ் மென்பொருளில் தளம் அமைப்போர் முதலில் ‘தீம்’ எனப்படும் தோற்ற வார்ப்புருவைத் தெரிவு செய்கின்றனர். 2005இல் வெளிவந்த 1.5ஆம் பதிப்பில் இவ்வசதி அறிமுகமானது. கட்டுரைகள் தரவுத்தளத்தில் தனியே இருப்பதால், வார்ப்புருவை மாற்றினால் மாணவர் ஆண்டுக்கணக்கில் எழுதியவை அழிந்துவிடுமோ என அஞ்ச வேண்டியதில்லை.

சிக்கல் எழுத்தில்தான் எழுகிறது. பெரும்பாலான வார்ப்புருக்கள் உரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு உருவானவை. தலைப்புக்கு அவை வகுக்கும் நெருங்கிய வரியிடைவெளியில், மேல்வரியிலுள்ள ‘ஞூ’வின் அடிப்பகுதி கீழ்வரியிலுள்ள ‘கீ’யின் மேற்சுழியோடு மோதும். வார்ப்புருவின் எழுத்துருவில் தமிழ் இல்லையெனில், உலாவி தன்னிடம் உள்ள வேறொன்றை எடுத்துக்கொள்ளும். ஒரே பக்கம் கைப்பேசியில் ஒரு முகமும் கணினியில் வேறொரு முகமும் காட்டுவது இதனால்தான். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இல்லாமையால், உலாவி நேரெழுத்தை வலிந்து சாய்க்கும். அது கண்ணுக்கு இனியதன்று; நீக்கிவிடலாம்.

‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற எழுத்துருவைக் குறிப்பிட்டு, வரியிடைவெளியை எழுத்தளவின் 1.6 மடங்காக்கிப் பார்க்கலாம். ஆனால், இம்மாற்றங்களை மூல வார்ப்புருவின் கோப்புகளில் எழுதலாகாது; அடுத்த புதுப்பிப்பு அவற்றைத் துடைத்துவிடும். ‘சேய் வார்ப்புரு’ ஒன்றை அமைத்து அதில் எழுதுதல் முறை.

வார்ப்புருவின் பிழையால் தளமே முடங்குவதும் உண்டு. 2019இல் வந்த 5.2ஆம் பதிப்பு முதல், அத்தகைய வேளையில் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு அனுப்பப்படுகிறது. அது வராவிடில், அவ்வார்ப்புருவின் கோப்புறைப் பெயரை மாற்றி, நிர்வாகப் பகுதியின் வார்ப்புருப் பக்கத்தைத் திறந்தால், இயல்பு வார்ப்புரு இயங்கத் தொடங்கும். இடம் மிச்சமாகட்டும் என்று அவ்வியல்பு வார்ப்புருவை முன்னரே அழித்துவிட்டோருக்கு இவ்வழி உதவாது.